அந்தமானில் ஐந்து இரவுகள்: பட்டியலில் உள்ள எல்லா இடங்களையும் பார்ப்பதா, இரண்டு தீவுகளில் தங்கி இருப்பதா?

வயலூர்வாசி (2024 நவம்பர் 18)

அனைவருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி 15 புதன்கிழமை காலையில் சென்னையிலிருந்து விமானம் ஏறி, 20-ஆம் தேதி திங்கட்கிழமை திரும்புவதாக அந்தமான் பயணம் ஒன்றை எண்ணியிருக்கிறோம். நானும் மனைவியும், எட்டு வயது மகளும், அறுபத்தெட்டு வயதான என் தாயாரும் வருகிறோம். எங்களுக்கு வேண்டியது கடலும் காடும்தான்.

பயண முகவர் அனுப்பிய நிரலின்படி, முதல் நாள் செல்லுலார் சிறையும் ஒலி ஒளிக் காட்சியும். இரண்டாம் நாள் ராஸ் தீவும் நார்த் பேயும். மூன்றாம் நாள் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி பாராடாங் சுண்ணாம்புக் குகை. நான்காம் நாள் ஹேவ்லாக்கில் காலாபத்தரும் ராதாநகரும். ஐந்தாம் நாள் காலையில் எலிஃபண்ட் பீச், அன்று மதியமே நீல் தீவுக்குப் படகு, அங்கே பரத்பூரும் லட்சுமண்பூரும். ஆறாம் நாள் காலை போர்ட் பிளேருக்குத் திரும்பி விமானம். ராதாநகர் கடற்கரைக்கு இதில் ஒதுக்கப்பட்டிருக்கும் நேரம் ஒரு மணி மட்டுமே. வயதானவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு இவ்வளவு ஓட வேண்டுமா, எதை விடலாம், எதை விடக் கூடாது என்று சென்றுவந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

தீவுத்தமிழன் (நவம்பர் 18)

வணக்கம் ஐயா. என் தாத்தா 1960களில் கப்பலேறி வந்து சாத்தம் மரம் அறுக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். இந்த நிரலைப் பார்த்தவுடன் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இதைப் போட்டவர் கடலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். நாங்கள் சென்னைக்கு வெகு கிழக்கே இருக்கிறோம், ஆனால் கடிகாரம் உங்கள் ஊர்க் கடிகாரம்தான். ஜனவரி நடுவில் இங்கே காலை ஐந்தே முக்காலுக்குச் சூரியன் எழுந்து, மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் மறைந்துவிடும். நான்கரை மணிக்கு ராதாநகரில் இறக்கிவிடப்பட்டால் உங்களுக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரமும் ஒரு பெரும் கூட்டமும்தான். அதே கடற்கரையில் காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் மணலில் உங்கள் கால் தடத்தைத் தவிர வேறு தடம் அநேகமாக இருக்காது.

அடுத்தது ஏற்றமும் வற்றமும். சென்னைக் கரையில் நீர் ஏறி இறங்குவதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மீட்டர் வித்தியாசம் வரும். நீல் தீவின் பரத்பூரில் நீர் வற்றியிருக்கும்போது போனால் குளிக்க இடமில்லாமல் பாறையும் பவளமும் வெளியே தெரியும். நிறைந்திருக்கும்போது போனால் இடுப்பளவுத் தெளிந்த நீரில் குழந்தை விளையாடலாம். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் இதற்கு நேர்மாறு: வற்றினால்தான் பாறைக் குட்டைகளையும், கல் வளைவு ஒன்று பாலம்போல் நிற்பதையும் நெருங்கிப் பார்க்க முடியும். ஆகவே எந்த இடம் என்பதோடு எந்த மணி என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் தேதிகளைப் பார்த்தேன். ஜனவரி 13 பௌர்ணமி. 15, 16 தேதிகளில் நீர் நன்றாக வற்றும். 19 வாக்கில் அந்த வித்தியாசம் குறைந்துவிடும். எனவே நீல் தீவுக்கு முதலில் போங்கள். 15-ஆம் தேதி விமானத்திலிருந்து இறங்கியதும் மதியப் படகு கிடைத்தால் நேரே நீல், அங்கே இரண்டு இரவு. 17-ஆம் தேதி ஹேவ்லாக், அங்கே இரண்டு இரவு. 19-ஆம் தேதி போர்ட் பிளேர். நீலுக்கும் ஹேவ்லாக்குக்கும் இடையே ஒரு மணி நேரப் படகுப் பயணம்தான். செல்லுலார் சிறையை 19-ஆம் தேதி நிதானமாகப் பார்க்கலாம். அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயணச்சீட்டுகளில் பெயர்கள் குழப்பலாம். ஹேவ்லாக் 2018 இறுதியில் ஸ்வராஜ் தீவு என்றும், நீல் ஷஹீத் தீவு என்றும் மாற்றப்பட்டன. போர்ட் பிளேர் இந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஊருக்குள் பேச்சில் பழைய பெயர்களே புழங்குகின்றன. ராதாநகரை ஏழாம் நம்பர் பீச் என்று சொன்னால் ஆட்டோக்காரருக்கு இன்னும் சுலபமாகப் புரியும்.

நெடும்பயணி (நவம்பர் 19)

தீவுத்தமிழன் அவர்கள் சொல்வது அங்கேயே இருப்பவருக்குப் பொருந்தும். நடுத்தரக் குடும்பம் ஒன்று நான்கு பேருக்கு விமானக் கட்டணம் கொடுத்து வாழ்நாளில் ஒருமுறை வருகிறது. திரும்பி வந்ததும் உறவினர்கள் "குகை பார்த்தீர்களா, ராஸ் தீவு பார்த்தீர்களா" என்றுதான் கேட்பார்கள். நாங்கள் 2022 டிசம்பரில் ஏறக்குறைய இதே நிரலில்தான் சென்றோம்; களைத்துப்போனது உண்மை, ஆனால் எதையும் விட்டுவிட்டோம் என்ற மனக்குறை இல்லை. முகவர் வழியாகப் போனால் படகுச் சீட்டு, வண்டி, தங்குமிடம் எல்லாம் அவர் பொறுப்பு. பொங்கல் வாரத்தில் தனியாகப் படகுச் சீட்டுக்கு அலைவது எளிதல்ல என்பதையும் நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பவழமல்லி (நவம்பர் 19)

நெடும்பயணி ஐயா சொல்லும் மனக்குறையை நான் மதிக்கிறேன். இருந்தாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தீவு மாறும் ஒவ்வொரு நாளும் காலையில் அறையைக் காலி செய்து, பெட்டிகளுடன் ஜெட்டிக்குப் போய், படகு கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக வரிசையில் நின்று, இறங்கி, அடுத்த அறை கிடைக்கும்வரை காத்திருந்தால் பகலில் பாதி போய்விடும். மாலை ஐந்தேகாலுக்கு இருட்டும் ஊரில் மீதம் இருப்பது மூன்று மணி நேரம். முகவரின் நிரலில் கடைசி மூன்று நாளும் இப்படித்தான் கழிகின்றன.

நான் ஏழு ஆண்டுகளாக அந்தமானில் ஸ்கூபா எனும் ஆழ்கடல் முக்குளிப்புக்குச் சென்றுவருகிறேன் என்பதால் நீருக்கடியில் இருப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜனவரியில் வடகிழக்குக் காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையான விஜயநகர், காலாபத்தர் பக்கம் நீர் சற்றுக் கலங்கி இருக்கலாம். மேற்கு பார்த்த ராதாநகர் அந்த மாதத்தில் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் இது அப்படியே தலைகீழாகும், அப்போது ராதாநகர் அலை ஆபத்தானது. கண்ணாடி போன்ற கடல்தான் வேண்டும் என்றால் பிப்ரவரி பிற்பாதியும் மார்ச்சும்தான் சரியான காலம்.

இரவில் துடுப்புப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போய், துடுப்பு பட்ட இடமெல்லாம் நீர் நீலமாக ஒளிர்வதைப் பார்க்கும் பயணத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள். நிலவில்லாத இரவில் அது மறக்க முடியாத காட்சி. நீங்கள் போவது பௌர்ணமிக்கு அடுத்த நாட்கள்; சூரியன் மறைந்து இரண்டு மூன்று மணி நேரத்திலேயே நிலவு வந்துவிடும். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பவளப் பாறைகளைப் பற்றி மிகை எதிர்பார்ப்பு வேண்டாம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் நீர் சூடேறி இங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. ஆழம் குறைந்த இடங்களில் இருந்த கிளைப் பவளங்கள் மிகவும் அடிபட்டன. எலிஃபண்ட் பீச்சில் இன்று நீங்கள் மிதந்தபடி பார்க்கும் பகுதியில் உடைந்த துண்டுகள் நிறைய உண்டு. அவற்றிடையே புதிதாக முளைத்து வரும் விரல் நீளப் பவளங்களும் உண்டு, அவற்றின் மேல்தான் பலர் அறியாமல் கால் ஊன்றி நிற்கிறார்கள். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, நிற்காமல் மிதந்தபடி பாருங்கள். மீன்களை வரவழைக்க ரொட்டி போடுகிறேன் என்று வழிகாட்டி சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மகளுக்கு எட்டு வயது என்பதால் முக்குளிப்பு இயலாது. அறிமுக முக்குளிப்புக்குப் பொதுவாகப் பத்து வயது நிரம்ப வேண்டும். நீங்களோ உங்கள் மனைவியோ முக்குளிப்பதாக இருந்தால் 18-ஆம் தேதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். முக்குளித்த பின் விமானம் ஏறக் குறைந்தது பதினெட்டு மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெல்ல வெளியேற அந்த நேரம் தேவை. இதை முகவர் சொல்லமாட்டார்.

வயலூர்வாசி (நவம்பர் 20)

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் நன்றி. வீட்டில் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஒரு நாளில் ஒரே இடம் என்பது மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. முதலை இருப்பதாக எங்கோ படித்த என் மனைவி அஞ்சுகிறார். அது எந்த அளவுக்கு உண்மை? பாராடாங் குகையை விட்டுவிட்டால் காட்டை எங்கே பார்ப்பது?

தீவுத்தமிழன் (நவம்பர் 20)

முதலை உண்மைதான் அம்மா, அஞ்சுவதில் தவறில்லை. இங்கே இருப்பது உவர்நீர் முதலை. 2010-இல் ராதாநகரை அடுத்த சிறு குடாவில் மிதந்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலை தாக்கி இறந்தார். ஓடை கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காட்டை ஒட்டிய கரை, அந்தி மயங்கிய நேரம் ஆகிய மூன்றையும் தவிர்த்து, எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் நீரில் இறங்காமல், காவலர்கள் காட்டும் எல்லைக்குள் பகலில் குளித்தால் போதும். போர்ட் பிளேருக்கு அருகே உள்ள வண்டூரில் கரையிலிருந்து கடலைப் பார்க்கலாம், குளிக்கக் கூடாது.

முதலையைவிட உங்களைப் படுத்தப்போவது மணல் ஈ. கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். கடித்தபோது வலிக்காது, மறுநாள் தடித்துச் சிவந்து ஒரு வாரம் அரிக்கும். காலையிலும் மாலையிலும் வெறும் மணலில் உட்காராதீர்கள், பாய் விரித்து உட்காருங்கள், காலில் தேங்காய் எண்ணெய் நன்றாகத் தடவிக்கொள்ளுங்கள். குழந்தை சொறிந்துவிட்டால் புண்ணாகும் என்பதால் நகத்தை வெட்டிவிட்டு அழைத்து வாருங்கள்.

உங்கள் தாயார் லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையின் கல் வளைவுக்கு வர வேண்டாம். பாசி படிந்த செத்த பவளத்தின் மேல் அரை மணி நடக்க வேண்டும். நான் நாற்பது வயதில் அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவன். அவரைப் படிக்கட்டுக்கு மேலே இளநீர்க் கடையில் உட்கார வைக்கலாம். ராதாநகர் அவருக்கு ஏற்ற இடம்: கெட்டியான, சமமான மணல்; பின்னால் காட்டின் விளிம்பில் கடல் மகுவா மரங்கள் பெரும் நிழல் தரும். காட்டைத் தேடி வேறெங்கும் போக வேண்டாம், அந்தக் கடற்கரையின் முதுகிலேயே காடு தொடங்குகிறது.

குறிஞ்சிமகள் (நவம்பர் 21)

பாராடாங் பற்றிய கேள்விக்கு நேரடியாக யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அந்தக் குகைக்குப் போகும் சாலை ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்துக்குள் செல்கிறது. சில நூறு பேரே உள்ள அந்த மக்கள் 1990களின் பிற்பகுதியில்தான் வெளியாரோடு பகையின்றிப் பழகத் தொடங்கினர். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. அவர்களைக் காக்க 1956-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. காப்பகத்தின் ஊடே செல்லும் சாலையை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆணையிட்டது. அதற்குப் பிறகும் காவல் வண்டிகள் முன்னும் பின்னும் வர, வண்டி வரிசை அங்கே ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

நான் 2017-இல் அந்தச் சாலையில் போனேன். படம் எடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் எங்கள் வண்டியில் இருந்த பன்னிரண்டு பேரும் குகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சன்னல் ஓரம் யாருக்கு என்றுதான் சச்சரவு. சாலையோரம் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வண்டி முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வண்டியில் நானும் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

நெடும்பயணி (நவம்பர் 22)

சகோதரி குறிஞ்சிமகள் எழுதியதைப் படித்த பிறகு நேற்று முழுவதும் யோசித்தேன். எங்கள் வண்டியிலும் அதேதான் நடந்தது. என் பிள்ளைகளுக்கு நானே விரல் நீட்டிக் காட்டினேன். ஆனாலும் பாராடாங்கில் படகு ஓட்டுவோர், உணவு விற்போர் பலர் பயணிகளை நம்பி இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து கடல் வழியாகவும் பாராடாங் போகலாம் என்று கேள்விப்பட்டேன். அது சரியாக இயங்கினால் அந்த மக்களுக்கும் பிழைப்பு இருக்கும், காப்பகத்துக்குள்ளும் போக வேண்டியதில்லை. முகவரைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. முதியவரோடு போகிறவர் சீட்டுகளை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தீவுத்தமிழன் (நவம்பர் 22)

கடல் வழி உண்டு ஐயா, ஆனால் படகுகள் குறைவு. தாயாரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஐந்து இரவுப் பயணத்தில் அதற்கு இடமில்லை. சீட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வயலூர்வாசி, முகவரிடமே இந்தப் புதிய வரிசையைக் கொடுத்து, படகுச் சீட்டையும் தங்குமிடத்தையும் மட்டும் அவரைச் செய்யச் சொல்லுங்கள்.

வயலூர்வாசி (2025 ஜனவரி 26)

வணக்கம். நல்லபடியாகச் சென்று திரும்பினோம். முகவர் முதலில் மறுத்தார். நீல் தீவை முதலில் வைத்தால் வழக்கம் மாறுகிறது என்றார். பிறகு ஒப்புக்கொண்டார், ஆனால் 15-ஆம் தேதி மதியப் படகுக்குச் சீட்டு எடுக்கத் தவறிவிட்டார். அன்றிரவு போர்ட் பிளேரிலேயே தங்க நேர்ந்து, நீலில் எங்களுக்கு ஓர் இரவுதான் மிஞ்சியது. மற்றபடி நீங்கள் போட்டுக் கொடுத்த வரிசைப்படியே நடந்தது. படகில் கீழ்த்தளத்தின் பின்பகுதியில் அமர்ந்ததால் அம்மாவுக்குக் குமட்டல் இல்லை.

16-ஆம் தேதி பிற்பகல் லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் நீர் வெகுதூரம் வற்றியிருந்தது. ஒரு குட்டையின் அடியில் பெரிய சிப்பி ஒன்று பாதி புதைந்திருந்தது. அதன் இதழ் நெளிநெளியாக, மயில் கழுத்தின் நீலத்தில் இருந்தது. மகள் குனிந்தாள், அவள் நிழல் மேலே விழுந்த அந்த நொடியில் சிப்பி மூடிக்கொண்டது. பிறகு அவள் வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக வந்து, நிழல் படாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெல்லத் திறந்தது. அதற்குள் வழிகாட்டி கல் வளைவுக்கு அழைத்தார். அவள் வர மறுத்துவிட்டாள். நானும் போகவில்லை.

ராதாநகரில் இரண்டு காலை கழித்தோம். நீர் இறங்கிய ஈர மணலில் கடுகைவிடச் சற்றுப் பெரிய மணல் உருண்டைகள், கோலப்பொடியால் புள்ளி வைத்ததுபோல் ஒரு வளையைச் சுற்றி விரிந்திருந்தன. மண்ணைத் தின்று, அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு, மீதியை உருட்டி வைப்பது சிறிய நண்டு என்று கடலோரக் காவலர் ஒருவர் சொன்னார். அம்மா மார்கழி முழுவதும் வாசலில் கோலம் போட்டவர். அந்த நண்டின் வேலையைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் மரத்தடியை விட்டு நகரவில்லை. நீர் ஏறி வந்து அதை அழித்தபோது, "நாளைக்கு மறுபடியும் போடும்" என்று மட்டும் சொன்னார்.

மகள் ஒரு சிறு சங்கை எடுத்து வைத்துக்கொண்டாள். உள்ளே துறவி நண்டு குடியிருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். திரும்பக் கொண்டுபோய் விட்டோம். எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஒருவர் வெறும் பவளத் துண்டுகள் சிலவற்றைப் பெட்டியில் வைத்திருந்து, விமான நிலையச் சோதனையில் பிடிபட்டு நெடுநேரம் நின்றார். கல்போன்ற பவளங்கள் யாவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன என்றும், கரையில் செத்துக் கிடந்ததை எடுத்தாலும் குற்றமே என்றும் அதிகாரி அவரிடம் விளக்கினார். போகிறவர்கள் இதைக் குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ராஸ் தீவும் நார்த் பேயும் பாராடாங்கும் நாங்கள் பார்க்கவில்லை. எலிஃபண்ட் பீச்சுக்கு ஒரு மணி நேரம் போனோம். கூட்டம் தாங்காமல் திரும்பிவிட்டோம். மணல் ஈ விஷயத்தில் தேங்காய் எண்ணெய் என்னைத் தவிர மற்ற மூவரையும் காப்பாற்றியது, நான்தான் தடவிக்கொள்ளவில்லை.

அலைவாய் (2025 ஜனவரி 28)

இந்த இழை முழுவதையும் இப்போதுதான் படித்தேன். நானும் கணவரும் பிப்ரவரி 24 முதல் மார்ச் 1 வரை செல்கிறோம். மகாசிவராத்திரியை ஒட்டி அமாவாசை வருகிறது. பவழமல்லி அவர்கள் சொன்ன நீர் ஒளிர்வதைப் பார்க்க அது ஏற்ற காலமா? எந்தத் தீவுக்கு முதலில் போக வேண்டும்?

பவழமல்லி (ஜனவரி 28)

மிகவும் ஏற்ற காலம். 26, 27, 28 மூன்று இரவும் நிலவு தொல்லை செய்யாது. கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஒளிர்வு ஹேவ்லாக்கின் அலையாத்திக் கால்வாய்களில்தான் என்பதால், முதலில் ஹேவ்லாக் போய் 25 முதல் 27 வரை அங்கே தங்குங்கள். நீர் நன்றாக வற்றும் நாட்கள் அமாவாசைக்கு அடுத்தே வருவதால் 28-ஆம் தேதி நீலுக்குப் போனால் பாறைக் குட்டைகளும் கிடைக்கும். இரவுப் படகில் ஏறும்முன் கைபேசித் திரையை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் ஆகும், ஒருவர் திரையைத் திறந்தால் படகில் உள்ள எல்லோருக்கும் அந்தக் கால் மணி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

தீவுத்தமிழன் (ஜனவரி 28)

மார்ச் 1-ஆம் தேதி மதியத்துக்கு முன் விமானம் என்றால் 28 இரவு நீலில் தங்காதீர்கள் அம்மா. கடல் பொங்கிக் காலைப் படகு நின்றுவிட்டால் வேறு வழி இல்லை. 28 காலையிலேயே நீலுக்குப் போய், வற்றத்தைப் பார்த்துவிட்டு, கடைசிப் படகில் போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். அன்றைய வற்ற நேரத்தை அட்டவணையில் பார்த்து இங்கே எழுதுகிறேன். அதற்குப் பிறகு சீட்டு எடுங்கள்.